விளையாடுவது பிள்ளை, விற்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இலவச மொபைல் கேம்கள் எப்படிப் பணம் சம்பாதிக்கின்றன என்று ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அதைத் தொட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெற்றோர்கள், கல்லூரி மாணவர்கள், கேம் உருவாக்கும் ஒருவர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வீடியோ கேமும் விளம்பரமும் என்ற ஒரே விஷயத்துக்கு முழு இடத்தையும் கொடுக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஒரு சாக்லேட் கம்பெனியின் ஆப்பில் தினமும் விளையாடுகிறான். வண்ணம் தீட்டுவது, ஒளிந்திருக்கும் பொருளைத் தேடுவது, குட்டிப் பந்தயம் எல்லாம் இருக்கிறது. இடையில் விளம்பரமே வருவதில்லை. அப்படியானால் பயமில்லாமல் விடலாமா, மேடம்? – ஒரு தாய்

இடையில் விளம்பரம் வராததற்குக் காரணம், அந்த ஆப் முழுவதுமே விளம்பரம் என்பதுதான். இந்த வகைக்கு 'அட்வர்கேம்' என்று பெயர். ஒரு கம்பெனி தன் பொருளை மனதில் பதிய வைப்பதற்காகவே காசு கொடுத்துச் செய்ய வைத்து, இலவசமாகக் கொடுக்கும் விளையாட்டு.

டிவியில் விளம்பரம் வரும்போது நிகழ்ச்சி நிற்கும், இசை மாறும், சத்தம் கூடும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகூட "இது விளம்பரம்" என்று மெதுவாகப் பழகிக்கொள்ளும். கேமில் அப்படி எதுவும் நிற்பதில்லை. கம்பெனியின் பொம்மையைத் தன் விரலால் ஓட்டி, கம்பெனியின் நிறத்தில் இருக்கும் பொருளைத் தானே பொறுக்கி, அதற்குப் பாயின்ட் வாங்கி மகிழ்கிறான் உங்கள் பையன். டிவி விளம்பரம் 30 நொடியில் முடிந்துவிடும், இதில் அரை மணி நேரம் தானாக விரும்பி உட்கார்ந்திருப்பான்.

ஃப்ரீஸ்டாட், ரைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒருவர் நம்மை ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கிறார் என்று நமக்குப் புரிந்தால்தான் நாம் உஷாராகி எதிர்த்து யோசிக்க ஆரம்பிக்கிறோம் என்பது அதன் சாரம். கேமில் கவனம் முழுக்க ஆட்டத்தில் போய்விடுகிறது, உஷாராவதற்கு இடமே இல்லை. பெரியவர்களுக்கே இப்படி என்றால், யார் எதற்காகச் செய்தார்கள் என்று யோசிக்கும் பழக்கமே இன்னும் வராத ஏழு வயதுப் பிள்ளையைச் சொல்ல வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. இனிப்புத் தின்பண்டத்தை விளம்பரம் செய்யும் கேமை விளையாடிய பிள்ளைகள் அதன்பின் அதிகமாகச் சாப்பிட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பழங்களை விளம்பரம் செய்யும் கேமை விளையாடிய பிள்ளைகளும் அதிகமாகச் சாப்பிட்டார்கள், அவர்கள் கை போனதும் பழத்தின் பக்கம் இல்லை, இனிப்பின் பக்கம்தான். "நல்ல உணவைக் காட்டும் கேம்தானே" என்று சமாதானம் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில் சர்க்கரையும் கொழுப்பும் கூடிய உணவுகளைப் பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கு 2017-லேயே இணையத்திலும் தடை விதி வந்தது. அடுத்த ஆண்டே ஃபெரேரோ கம்பெனியின் 'மேஜிக் கிண்டர்' ஆப் அந்த விதியை மீறுகிறது என்று அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் தீர்ப்பு சொன்னது. ஆக, இதை விளம்பரம் என்று நான் மட்டும் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆப் வேண்டாம். ஆனால் பிடுங்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த கேமை யாருடா செய்தார்கள்? நமக்கு ஏன் சும்மா தருகிறார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குத் துப்பறிவது பிடிக்கும். கண்டுபிடித்துவிட்டால் அடுத்த ஆப்பில் அவனே உங்களுக்குச் சொல்வான்.

கேள்வி: இதெல்லாம் ஸ்மார்ட்போன் வந்த பிறகு முளைத்த பழக்கமா? – வரலாற்று ஆர்வலர்

இல்லை. வீட்டு வீடியோ கேம்கள் பரவ ஆரம்பித்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1978-ல் வந்த 'அட்வென்ச்சர்லேண்ட்' என்ற எழுத்து கேமுக்குள்ளேயே, அதை உருவாக்கியவரின் அடுத்த கேமுக்கு விளம்பரம் இருந்தது. 1983-ல் குளிர்பானத்துக்கு, நாய் உணவுக்கு, பல் பராமரிப்புப் பொருள் விற்பவர்களுக்கு என்று, டிவியில் மாட்டி விளையாடும் அடாரி கன்சோலில் விளம்பர கேம்கள் வரிசையாக வந்தன.

அந்த ஆண்டில் வந்த ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கோகோ கோலா தன் விற்பனைப் பிரதிநிதிகளின் மாநாட்டில் கொடுப்பதற்காக அடாரியிடம் ஒரு கேம் செய்து வாங்கியது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' மாதிரியே இருக்கும், ஆனால் மேலிருந்து இறங்கிவரும் எதிரிகள் பெப்சி என்ற பெயரின் எழுத்துகள். சுட்டுத் தள்ள வேண்டும். உங்களுக்கு உயிர் தீராது, எத்தனை முறை அடிபட்டாலும் திரும்ப எழுந்து வருவீர்கள். மூன்று நிமிடம் ஆனதும் ஆட்டம் முடிந்து, 'கோக் வெல்கிறது' என்று திரையில் வரும். வெறும் 125 பிரதிகள்தான் செய்தார்கள், பொதுமக்களுக்கு விற்கவில்லை.

இதில் நான் கவனிப்பது எதிரியின் பெயரை மட்டும் அல்ல. தோற்கவே முடியாதபடி விதியை எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், சேதி அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கும் ஒரு கேமில் விளம்பரம் எங்கே என்று தேடுகிறவர்கள் லோகோவைத் தேடுகிறார்கள். விதியைப் பார்க்க வேண்டும்: எதைச் செய்தால் பரிசு, எதைச் செய்யாவிட்டால் தண்டனை, எதைச் செய்யவே வழி இல்லை.

அப்புறம் 1996-ல் அமெரிக்காவில் செக்ஸ் (Chex) என்ற காலை உணவு டப்பாவுக்குள் 'செக்ஸ் குவெஸ்ட்' சிடி வந்தது. 'டூம்' என்ற சுடும் கேமின் எஞ்சினை, அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரலை எடுத்து, கொலையையும் ரத்தத்தையும் நீக்கி, பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார்கள். 2006-ல் பர்கர் கிங் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான மூன்று கேம்களை, உணவோடு சேர்த்து வாங்கினால் ஒவ்வொன்றும் 3.99 டாலருக்கு விற்றது, 20 லட்சத்துக்கும் மேல் விற்றன. காசு கொடுத்து விளம்பரத்தை வாங்க மக்கள் தயார் என்று தொழில்துறை கற்றுக்கொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் கால்பந்து கேம் ஆடுபவன். மைதானத்தைச் சுற்றி விளம்பரப் பலகை இருந்தால்தான் நிஜ மைதானம் மாதிரி இருக்கிறது. நான் அதைக் கவனிப்பதே இல்லை, என்னை அது ஒன்றும் செய்யாது. இதில் என்ன தப்பு? – கல்லூரி மாணவர்

தப்பு என்று சொல்ல மாட்டேன் தம்பி. நிஜ மைதானத்தில் பலகை இருக்கிறது, கேமிலும் இருக்கட்டும். ஆனால் "கவனிப்பதில்லை, அதனால் ஒன்றும் செய்யாது" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு பொருளை அடிக்கடி கண்ணில் பட வைத்தாலே அதன்மேல் ஒரு லேசான விருப்பம் வந்துவிடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-லேயே சோதித்துக் காட்டினார். உற்றுப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பலகைக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதை நம்பித்தான் கட்டுகிறார்கள்.

முன்பு பலகையில் இருப்பது சிடியோடு அச்சானது, மாறாது. இணையம் வந்த பிறகு அந்தப் பலகை ஒரு காலி இடம். நீங்கள் எந்த ஊரில், எந்த நேரத்தில் ஆடுகிறீர்கள் என்று பார்த்து, சர்வரில் இருந்து விளம்பரம் வந்து உட்காரும். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு இப்படித்தான் 'பர்ன்அவுட் பாரடைஸ்' என்ற கார் பந்தய கேமின் சாலையோரப் பலகைகளை வாடகைக்கு எடுத்தது. போட்டி கடுமையாக இருந்த மாநிலங்களில் ஆடுபவர்களுக்கு மட்டும் அந்தப் பலகை தெரிந்தது. பலகை உங்கள் திரையில் எத்தனை நொடி இருந்தது, எவ்வளவு பெரிதாக, எந்தக் கோணத்தில் தெரிந்தது என்பதையும் கணக்கெடுக்க முடியும். நிஜ மைதானத்துப் பலகைக்கு அந்த வசதி இல்லை.

பலகையைவிட அழுத்தமான இன்னொரு வழி இருக்கிறது. பொருளையே ஆட்டத்தில் பயன்படும் ஒன்றாக ஆக்கிவிடுவது. 2019-ல் வந்த 'டெத் ஸ்ட்ராண்டிங்' கேமில் நாயகன் தங்கும் அறையில் மான்ஸ்டர் எனர்ஜி டின்கள் மேசை மேல் இருக்கும். எடுத்துக் குடித்தால் அவனுடைய தாக்குப்பிடிக்கும் சக்தி கூடும், மலை ஏற உதவும். பல மணி நேரம் ஆடுபவர் "இதைக் குடித்தால் தெம்பு" என்பதைக் காதால் கேட்கவில்லை, தன் கையால் செய்து, பலனையும் பார்க்கிறார். பின்னால் வந்த பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துவிட்டுக் கற்பனைப் பானம் ஒன்றை வைத்தார்கள். ஆட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

கேள்வி: "30 நொடி வீடியோ பார்த்தால் ஒரு லைஃப்" என்கிறது. நானும் பார்க்கிறேன். என் 30 நொடிக்கு யார், யாருக்குப் பணம் தருகிறார்கள்? விளம்பரத்தில் காட்டும் கேமை டவுன்லோட் செய்தால் வேறு எதுவோ வருகிறதே, அது எப்படி? – அலுவலக ஊழியர்

நீங்கள் பட்டனை அழுத்தியதும் "இந்த மாதிரி ஒருவர் பார்க்கத் தயார்" என்ற தகவல் விளம்பர நெட்வொர்க்குக்குப் போகிறது. அங்கே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏலம் நடக்கிறது. அதிகம் கேட்டவரின் வீடியோ உங்கள் திரைக்கு வருகிறது. நெட்வொர்க் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கேம் கம்பெனிக்குத் தருகிறது. ஏலத்தில் கேட்பவர்களில் பெரும்பகுதி மற்ற கேம் கம்பெனிகள்தான். அவர்களுக்கு உங்கள் 30 நொடி முக்கியம் இல்லை, உங்களைத் தங்கள் கேமுக்கு அழைத்துப்போய் அதில் நீங்கள் செலவு செய்வீர்களா என்பதுதான் முக்கியம். முன்பு எந்த கேமிலாவது செலவு செய்தவர் என்று தெரிந்தால் உங்களுக்கு விலை கூடும்.

இந்த வகை விளம்பரத்தில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரம் என்று தெரிந்து, நீங்களே சம்மதித்து, பதிலுக்கு ஒன்றை வாங்குகிறீர்கள். எனக்கு ஆட்சேபம் அதைச் சுற்றி நடப்பதில்தான். லைஃப் சீக்கிரம் தீரும்படி லெவலைக் கடினமாக்குவது, மூடும் குறியை மூலையில் பொடியாக வைப்பது, அதைத் தொட்டாலும் ஆப் ஸ்டோருக்குக் கொண்டுபோவது.

விளம்பரத்தில் ஒன்று, உள்ளே இன்னொன்று என்பது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. பின்னை உருவி ஆளைக் காப்பாற்றும் புதிர் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' கேம்களுக்கு அப்படி வந்த இரண்டு விளம்பரங்களை, பெரும்பாலான ஆட்டம் அப்படி இல்லை, இது ஆட்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று சொல்லி 2020-ல் பிரிட்டன் ஆணையம் தடை செய்தது. ஏன் அப்படிச் செய்கிறார்கள்? பத்துப் பதினைந்து விதமான விளம்பரங்களைச் செய்து ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எது அதிகம் டவுன்லோட் கொண்டுவருகிறதோ அதை வைத்துக்கொள்கிறார்கள். கேம் அதற்கு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

கேள்வி: நான் தேடிய பொருளே கேமில் விளம்பரமாக வருகிறது. நிறுத்த முடியுமா?

ஓரளவு முடியும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் விளம்பரம் என்ற பிரிவுக்குப் போய் விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள். ஐபோனில் 2021 ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு ஆப்பும் உங்களைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும், வேண்டாம் என்று சொல்லுங்கள். விளம்பரம் வருவது குறையாது, உங்களுக்கென்று தைத்த மாதிரி வருவது குறையும்.

கேள்வி: முழு விலை கொடுத்து கன்சோல் கேம் வாங்குகிறேன். அதிலும் விளம்பரம் போடுவது நியாயமா?

இல்லை. 2020-ல் 'என்பிஏ 2கே21' என்ற கூடைப்பந்து கேம் லோடிங் நேரத்தில் தாண்ட முடியாத விளம்பரம் போட்டது, 'யுஎஃப்சி 4' என்ற சண்டை கேம் ரீப்ளேக்களுக்கு நடுவே போட்டது. ஆடுபவர்கள் கொதித்தார்கள். ஒரு கம்பெனி இனி சரிசெய்வதாகச் சொன்னது, இன்னொன்று விளம்பரத்தையே எடுத்தது. குரல் கொடுத்தால் பலன் இருக்கிறது, கொடுங்கள்.

கேள்வி: என் பத்து வயது மகள் கேமில் ஜெம் வாங்கி உடை வாங்கியிருக்கிறாள். பில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "நான் காசே செலவு பண்ணலப்பா, ஜெம்தான் செலவு பண்ணேன்" என்று அழுகிறாள். பொய் சொல்கிறாளா? – ஒரு தந்தை

பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும், அப்படித் தோன்ற வேண்டும் என்றே அது அமைக்கப்பட்டிருக்கிறது. தயவுசெய்து அவளைத் திட்டி முடித்துவிடாதீர்கள்.

விலையை ஜெம்மில், அதாவது கேமுக்குள் மட்டும் செல்லும் கற்பனைக் காசில் சொல்லிவிட்டால் நிஜப் பணம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அடுத்தது, கட்டுகளின் அளவு. ஓர் உடைக்கு 800 ஜெம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடையில் 500, 1,200 என்ற கட்டுகள்தான் இருக்கும். 1,200 வாங்கினால் 400 மிஞ்சும். மிஞ்சியது வீணாகப் போகக்கூடாது என்று மனசு அரிக்கும், இன்னொரு 500 வாங்குவோம். அதோடு கடிகாரம்: "இன்னும் நான்கு மணி நேரம்தான்" என்று ஓடிக்கொண்டிருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு, நாளைக்குத் தோழிகள் எல்லாரும் போட்டிருக்கும் உடை தனக்கு மட்டும் இல்லை என்பது சின்ன விஷயம் இல்லை.

இங்கே வெளியிலிருந்து எந்தக் கம்பெனியும் விளம்பரம் தரவில்லை. கேமே விற்பனையாளராக நிற்கிறது, பிள்ளை தினமும் போய்ப் பேசிப் பழகும் இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் இதை மற்ற எல்லா வகையையும்விடக் கடுமையாகப் பார்க்கிறேன்.

சட்டமும் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. 'ஃபோர்ட்நைட்' கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2022 டிசம்பரில் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட வைத்தது. அதில் 24.5 கோடி, ஆடுபவர்களைச் சிக்க வைத்து வாங்க வைத்ததற்காகத் திருப்பித் தர வேண்டிய தொகை. பொருளைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பட்டனை அழுத்தினாலே பணம் போய்விடும்படி இருந்தது என்பது குற்றச்சாட்டு. வங்கியிடம் முறையிட்டவர்களின் கணக்கைப் பூட்டினார்கள் என்பது இன்னொன்று. 2025 ஜனவரியில் 'கென்ஷின் இம்பாக்ட்' கேமின் கம்பெனி 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது, பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு லூட் பாக்ஸ் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டி) விற்கக்கூடாது என்பதற்கும் சேர்த்து. பெல்ஜியம் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்களை 2018-லேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய நுகர்வோர் ஆணையங்கள் 2025 மார்ச்சில், ஜெம் விலைக்குப் பக்கத்தில் நிஜப் பணத்திலும் விலை போட வேண்டும், தேவைக்கு மேல் கட்டாக வாங்க வைக்கக்கூடாது என்று நெறிமுறை வெளியிட்டன.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: ஆப் ஸ்டோரில் 'பணம் திரும்பக் கேட்பது' என்ற வசதி இருக்கிறது. சிறுவர் அனுமதியில்லாமல் வாங்கியது என்று எழுதி உடனே விண்ணப்பியுங்கள், நாள் தள்ளினால் வாய்ப்பு குறையும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள், கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள். அப்புறம் மகளோடு உட்கார்ந்து, அவள் வாங்கிய உடைகளின் ஜெம் விலையைப் பணமாக மாற்றி ஒரு தாளில் அவளையே எழுதச் சொல்லுங்கள். தண்டனையாக இல்லை, அந்தக் கணக்கை இதுவரை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை என்பதால்.

கேள்வி: எல்லாவற்றையும் குறையாகவே சொல்கிறீர்களே. நல்ல விஷயத்துக்கு மனதை மாற்றக் கேமைப் பயன்படுத்தக்கூடாதா? – ஆசிரியர்

தாராளமாக, ஐயா. 2006-ல் வந்த 'ரீ-மிஷன்' கேமில் ஆடுபவர் ஒரு குட்டி ரோபோவாகப் புற்றுநோயாளியின் உடலுக்குள் போய் நோய்ச் செல்களைச் சுடுவார். இளம் புற்றுநோயாளிகள் 375 பேரை வைத்து நடந்த ஆய்வில், இதை ஆடியவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. அறிவுரை சொல்லி வராத பழக்கம் ஆட்டத்தில் வந்திருக்கிறது.

அதே பலம் எந்தப் பக்கத்துக்கும் உழைக்கும். அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4-ல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கேமை இலவசமாக வெளியிட்டது, ஆள் சேர்ப்புக்கு உதவ வேண்டும் என்று. அதில் இரண்டு அணி மோதும்போது, எந்த அணியில் இருந்தாலும் உங்கள் திரையில் உங்கள் அணி அமெரிக்க வீரர்களாகத்தான் தெரியும், எதிரணிதான் எதிரி. அவர்கள் திரையில் அவர்கள் அமெரிக்கர்கள். எதிரியாக இருந்து பார்க்கும் வாய்ப்பு யாருக்குமே இல்லை. 2022-ல் மூடும் வரை பல ஆண்டுகள் இது ஓடியது. ஆனால் ராணுவம் தன் பெயரை மறைக்கவில்லை, அது முக்கியம். நோக்கம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதோடு, யார் பேசுகிறார் என்பதை ஆடுபவருக்குச் சொன்னார்களா என்றும் உங்கள் மாணவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கேம் செய்கிறோம். ஒரு பானக் கம்பெனி பிள்ளைகளுக்கான கேம் கேட்கிறது. பாட்டில் மூடியில் உள்ள குறியீட்டைப் போட்டால்தான் அடுத்த லெவல் திறக்க வேண்டும் என்கிறார்கள். பணம் எங்களுக்கு அவசரத் தேவை. செய்யலாமா? – கேம் உருவாக்குநர்

உங்கள் நிலை புரிகிறது. சிறிய குழுவுக்கு இப்படி வரும் ஒரு வேலை ஆறு மாத வாடகையாக இருக்கும். வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிட என்னால் முடியாது. ஆனால் மூடிக் குறியீட்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆட்டத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு வெளியே வர ஒரே வழி இன்னொரு பாட்டில் வாங்கிக் குடிப்பது என்றால், அந்த விதியை எழுதியது நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

பேரம் பேசுங்கள். முதல் திரையிலேயே, பிள்ளைக்குப் புரியும் சொற்களில், "இது இன்ன கம்பெனியின் விளம்பரம்" என்று போட வேண்டும். பானம் குடித்தால் வேகம், பலம் என்று வைக்கக்கூடாது. பெயர், இடம், படம் எதையும் பிள்ளைகளிடம் வாங்கக்கூடாது. அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அனுமதி இல்லாமல் தகவல் வாங்குவதே சட்டப்படி தப்பு, வேறு பல நாடுகளிலும் அப்படித்தான். வயது வரம்பை 16-க்கு மேல் ஏற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், சில கம்பெனிகள் சட்டச் சிக்கலுக்குப் பயந்து ஒத்துக்கொள்ளும். இவற்றை வாய்வார்த்தையாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வேலை பாதியில் இருக்கும்போது அவர்களுடைய விளம்பரப் பிரிவிலிருந்து புது ஆள் வந்து மூடிக் குறியீட்டை மறுபடியும் கேட்பார், அப்போது காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்.